இன்ட்ரெப்பிட் அருங்காட்சியகக் கப்பலில் நிற்பது எஸ்ஆர்-71 உளவு விமானம்தானா?

இல்லை, அது ஏ-12. நியூயார்க்கில் நீங்கள் படம் எடுத்த விமானத்தில் இரண்டாவது இருக்கை தெரியாததற்குக் காரணமும் அதுதான்: ஏ-12 ஒருவர் மட்டும் ஓட்டுவது.

குழப்பம் இயல்பானதே. இரண்டும் லாக்ஹீட் விமான நிறுவனத்தில் பொறியாளர் கெல்லி ஜான்சன் குழு உருவாக்கியவை. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்கான ஏ-12 1962-இல் பறந்து, 1968-இல் ஓய்வுபெற்றது. வெகுகாலம் ரகசியமாகவே கிடந்தது. விமானப்படையின் எஸ்ஆர்-71-ஐ 1964-லேயே அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்துவிட்டதால் அந்தப் பெயர்தான் நிலைத்தது. முதலில் பறந்தவன் மறைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்த முறை பக்கவாட்டில் நின்று விமானி அறைகளை எண்ணுங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு இருந்தால் பெரும்பாலும் எஸ்ஆர்-71.

ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஏ-12 பயிற்சி விமானத்திலும் இரண்டு உண்டு. அதில் பின்னறை மேடுபோல உயர்ந்திருக்கும்.