நுகர்வோர் கேள்வி-பதில்: நனைந்த ஷூ

மீசப்புலிமலை போனபோது ஓடையில் இறங்கி ஷூ முழுக்க நனைந்துவிட்டது. இரவு கூடாரத்தில் தங்கல். காலைக்குள் காய வைக்க வழி உண்டா? (திருப்பூர் வாசகி)

முழுசாகக் காயாது. ஆனால் கால் நோகாமல் நடக்கிற அளவுக்குக் கொண்டுவரலாம். லேஸை முழுக்க உருவி, நாக்கை வெளியே இழுத்து, இன்சோலை எடுத்துத் தனியே வையுங்கள். கைக்குட்டையை விரல் பகுதிவரை உள்ளே விட்டு அழுத்தி ஒற்றுங்கள். ஈரம் தங்குவதே அங்கேதான். அப்புறம் பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். அரைமணியில் அது தொப்பலாகிவிடும், மாற்றுங்கள். ஷூவைக் காய வைப்பது சூடு அல்ல, காற்று. அதனால் பொழுது இருக்கும்வரை காற்றோட்டத்தில் வைத்து, பனி இறங்கும் முன் கூடாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலை உள்ளே செருகினாலும் பலன் உண்டு. காலையில் போட ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் கட்டாயம் வேண்டும்.

அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுக்குமாமே?

வேண்டாம். பேப்பரே வேகமாக உறிஞ்சும், அரிசியும் வீணாகாது.

கேம்ப் ஃபயர் பக்கத்தில் வைத்த ஷூவில் சோல் பிய்ந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். புகார் செய்யலாமா?

கூடாது. தீயில் வாட்டினால் பசை இளகும், தோல் வெடிக்கும். இதில் கடைக்காரர் மேல் என்ன தப்பு? காப்புக்காட்டுக்குள் மூட்டிய தீ என்றால் அதுவே சட்டப்படி குற்றம்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று 9,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நனைந்து இரண்டு நாளாகியும் காயவில்லை. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஷூவின் வேலையே அப்படித்தான். உள்ளே இருக்கும் மெல்லிய படலம் வெளித் தண்ணீரைத் தடுக்கும், வியர்வை ஆவியை மட்டும் மெதுவாக விடும். ஆனால் வால்பாறையில் ஜூலை மழை காலோடு வழிந்து மேல்வாய் வழியாக இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் குடத்துக்குள் போன மாதிரி வெளியேற வழியில்லாமல் நிற்கும். பனிப் புல்லுக்கும் லேசான சாரலுக்கும் நல்ல பொருள்தான். அதையே ஓடை கடக்கவும் அடைமழைக்கும் ஏற்றதென்று சொல்லி, இரண்டு மடங்கு விலைக்குத் தலையில் கட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரம் அதில்தான். நானும் அப்படி ஒரு ஜோடி வாங்கினேன், இப்போது அதை மழையில்லாத மாதங்களில்தான் போடுகிறேன். நம் மழைக்கு வலைத்துணி ஷூ போதும். நனையும், ஆனால் நடக்க நடக்கத் தண்ணீர் வெளியேறி, வெயில் வந்தால் காலிலேயே காயும்.

தள்ளுபடியில் வாங்கிய புது ஷூ. முதல் நடையிலேயே சோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருக்கிறதாம். (மதுரை வாசகர்)

உங்கள் மேல் தப்பே இல்லை. பாலியூரித்தேன் என்கிற நுரை பிளாஸ்டிக் சோல் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் சிதையும். பழைய சரக்கை உங்களிடம் தள்ளியிருக்கலாம். பெட்டியில் தயாரிப்பு மாதம், வருடம் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். பில்லில் காலக்கெடு இல்லையென்றால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் குறைபாடுள்ள பொருளை வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணமில்லை, புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. உதிர்ந்த சோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.