வைத்தியசாலை விடுதியில் இருக்கும்போதே கைப்பழக்கம் பெறுங்கள்

கேள்வி: பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மாமியாரை (வயது 71) யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வைத்திருக்கிறோம். மாத முடிவில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் உயர்தரம் படிக்கும் மகளும் மட்டுமே. நோயாளியைப் பராமரித்துப் பழக்கமில்லாத நான் எப்படி ஆயத்தமாவது?
– வாசகி, கொடிகாமம்

பதில்: சகோதரி, துண்டு வெட்டும் நாளில் வாசலில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை எதுவும் மனதில் நிற்பதில்லை. ஆகவே இந்த நாட்களிலேயே, தாதியர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், அவர்கள் பார்த்துத் திருத்த நீங்களே செய்து பழகுவதற்கு அனுமதி கேளுங்கள்.

முதலில் திருப்பிப் படுக்க வைக்கப் பழகுங்கள். நான்காக மடித்த பழைய நூல் சேலையொன்றை அவரது முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே விரித்து, அதைப் பிடித்துத் திருப்பினால் உங்கள் முதுகும் தப்பும், அவரது தோலும் உரசாது. செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடக்கூடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இடுப்பின் பின்புறத்திலும் குதிக்காலிலும் தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் வெளிறாவிட்டால், அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் எண்ணெய் பூசித் தேய்க்கும்படி உறவினர் அன்போடு சொல்வார்கள். தேய்த்தால் உள்ளிருக்கும் தசை மேலும் சிதையும் என்பதால் அதற்கு இடங்கொடாதீர்கள்.

உணவில் இதைவிடக் கவனம் வேண்டும். விழுங்கும் திறனைப் பரிசோதித்தார்களா என்று வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் தடித்த கஞ்சியைவிடத் தேநீரும் தண்ணீருமே எளிதில் புரைக்கேறி நுரையீரலுக்குள் போகும். நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால் கொடுத்து, உண்ட பின்னரும் அரை மணித்தியாலம் இருக்க வையுங்கள். சாப்பிடும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே நிறுத்துங்கள். சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

மருந்து நேரங்களையும் கிளினிக் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி, தாதியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல் அல்லது புதிதாகப் பேச்சுக் குழறல் ஏற்பட்டால் தாமதியாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

இரவில் எழுந்து திருப்பும் வேலை, பரீட்சைக்குப் படிக்கும் மகளின் தலையில் விழக்கூடாது. பகலில் சில மணித்தியாலங்களுக்கு உதவியாளர் ஒருவரை அமர்த்தப் பணம் அனுப்பும்படி கணவரிடம் இப்போதே பேசுங்கள். அந்த நேரத்தில் வேறு வேலை பாராமல் நீங்கள் நித்திரை கொள்ளுங்கள்.