இரத்தம் ஏற்றும் நாளில் யாரிடம் பேசுவது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ரங்கூனில் குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற நர்ஸ்.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்குத் தலசீமியா, பிறவியிலேயே வருகிற இரத்தச் சோகை நோய். ஹீமோகுளோபின் ஈ, பீட்டா என்ற இரண்டு குறைபாடுகளும் சேர்ந்த வகை என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரங்கூன் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றுகிறோம். டாக்டர் இரண்டு நிமிடம்தான் பார்க்கிறார். அவர் பேசும் வேகத்துக்கு என் பர்மிய மொழி போதவில்லை. மாத்திரைச் செலவு தாங்கவில்லை. சமூகப் பணியாளரைப் பாருங்கள் என்று ஒரு சயாமா (நர்ஸ்) சொன்னார். அது ஒன்றும் இல்லாதவர்கள் போகிற இடம் என்று வீட்டுக்காரர் தடுக்கிறார். மாமியாரோ 'உன் வழியில் வந்த நோய்' என்கிறார். நான் என்ன செய்ய?
— ஒரு தாய், சிரியம்

பதில்: தங்கச்சி, மாமியார் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் வர, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு குறைபாடுகள் பிள்ளைக்குச் சேர வேண்டும். உங்கள் மகளுக்கு ஒருவர் ஈ கொடுத்திருக்கிறார், மற்றவர் பீட்டா கொடுத்திருக்கிறார். பர்மா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா முழுக்க ஈ மிகச் சாதாரணம். அதைச் சுமப்பவருக்குத் தன்னிடம் இருப்பதே தெரியாது. இதை நீங்கள் சொன்னால் வீட்டில் எடுபடாது. அடுத்த முறை வீட்டுக்காரரைக் கூட்டிப்போய் வார்டு நர்ஸ் வாயால் கேட்க வையுங்கள். நர்ஸ் சொன்ன பிறகு மனைவி மீதிருந்த கோபம் தணிந்து போனதை நான் எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் நேரம் இல்லை என்கிறீர்கள். உண்மைதான், அங்கே கூட்டம் அப்படி. ஆனால் இரத்தம் ஏறும் மூன்று நான்கு மணி நேரமும் நர்ஸ் அதே அறையில்தான் இருக்கிறார். உங்கள் கேள்விகளை அவரிடம் கேளுங்கள். ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு, எத்தனை பை, பையின் எண், ஃபெரிட்டின் அளவு (உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவது), மகளின் எடை ஆகியவற்றை எழுதுங்கள். கேட்க வேண்டியதை முந்தின இரவே தமிழில் எழுதி, பர்மிய மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நர்ஸ் படித்துப் பார்த்துப் பதில் சொல்வார்.

பை மாட்டும் முன் பெயரையும் இரத்த வகையையும் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பெயரைச் சொல்லுங்கள். முதல் பதினைந்து நிமிடம் மகளை விட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி, அரிப்பு, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். சயாமா வேலையாக இருக்கிறாரே என்று தயங்கவே கூடாது.

இரும்பை வெளியேற்றும் மருந்தை ஏன் விடக் கூடாது என்பதையும் சொல்கிறேன். ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு தானாக வெளியேற்றுவது நாளுக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் இருதயத்திலும் ஈரலிலும் படிகிறது. வெளியே ஒன்றும் தெரியாததால் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். டெஸ்ஃபெரால் என்றால் தோலுக்கடியில் ஊசி போட்டு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மெல்ல ஏற்ற வேண்டும், வாரத்தில் ஐந்து இரவாவது. அதை வீட்டில் போடக் கற்றுத் தருவது நர்ஸ்தான். டிஃபெரிப்ரோன் மாத்திரை என்றால் சிறுநீர் சிவந்து போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிறதா என்று இரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது சமூகப் பணியாளர். வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பிச்சை கேட்க அவரிடம் போகவில்லை, ஆயுளுக்கும் நடக்க வேண்டிய ஒரு வைத்தியத்துக்கு வழி கேட்கப் போகிறோம். மருந்துச் செலவுக்கு எந்த நிதியில் உதவி கிடைக்கும், பிள்ளை அடிக்கடி லீவு போடுவதற்குப் பள்ளிக்கூடத்துக்கு யார் கடிதம் தருவது, இரத்த தானக் குழுக்களை எப்படிப் பிடிப்பது, இதெல்லாம் அவருடைய வேலை. இதே நோய் உள்ள வேறு குடும்பங்களைச் சந்திக்க வைக்கச் சொல்லியும் கேளுங்கள். பத்து வருடமாக இதையே பார்த்துவரும் ஒரு அம்மாவிடம் பேசினால் மனதில் பாதிப் பாரம் இறங்கிவிடும். அடையாள அட்டை, வீட்டுப் பட்டியல், மருந்துச் சீட்டு, கடைக்காரர் பில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போங்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் போகாமல் இருந்துவிடாதீர்கள், குறைவதைப் பற்றியே அவரிடம் கேட்கலாம்.

இன்னொன்று. தீமிதிக்கு அத்தனை இளைஞர்கள் திரள்கிறார்களே, கோயில் கமிட்டியில் சொல்லி அவர்களில் பத்துப் பேரை வரிசை வைத்து இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் கொடுத்தால் மறுபடி கொடுக்க மூன்று நான்கு மாதம் இடைவெளி வேண்டும். அதனால்தான் வரிசை.

கேள்வி: என் தம்பிக்குத் தலசீமியா. எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், பெண் அத்தை மகள். நான் நன்றாக இருக்கிறேன். நானும் சோதித்துப் பார்க்க வேண்டுமா? சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடாதா?
— ஒரு வாசகர், பெகு

பதில்: கட்டாயம் பாருங்கள் தம்பி. நோயாளியோடு பிறந்து, நோயில்லாமல் இருப்பவர் சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. பெண் அத்தை மகள் என்பதால் அவரும் பார்க்க வேண்டும். இரத்த அணு எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் வகைச் சோதனையும் போதும். இருவரிடமும் பீட்டா இருந்தாலும், ஒருவரிடம் பீட்டா, மற்றவரிடம் ஈ என்றாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. இருவரிடமும் ஈ மட்டும் என்றால் பெரும்பாலும் லேசான சோகையோடு போய்விடும். சுமப்பவர் என்பதால் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. முடிவு வந்ததும் நீங்கள் இரண்டு பேருமாகப் போய் நர்ஸிடம் உட்கார்ந்து பேசுங்கள், பெரியவர்களிடம் அப்புறம் சொல்லலாம். மறைத்துக் கட்டுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: பேரன் சோகையாக இருக்கிறான் என்று ஈரலும் முருங்கைக்கீரையும் கொடுக்கிறேன், கடை டானிக்கும் கொடுக்கிறேன். அவனுக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள். சரிதானா?
— ஒரு பாட்டி, மோல்மேன்

பதில்: கீரை கொடுங்கள் அம்மா. ஈரல் வேண்டாம். சாப்பாட்டோடு பால் போடாத தேநீர் கொஞ்சம் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறையும். டானிக்கை இன்றே நிறுத்துங்கள். இரத்தம் ஏற்றும் பிள்ளைக்கு இரும்பு ஏற்கெனவே மிஞ்சித்தான் இருக்கும். அடுத்த முறை அந்தப் பாட்டிலையும் வார்டுக்கு எடுத்துப் போங்கள், நர்ஸ் லேபிளைப் படித்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்வார்.