சோடியம் ஒன்று, உப்பு நான்கு: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பல வருடம் வேதியியல் எடுத்தவள் நான். சோடியத்தின் ஃபுளோரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

பிளஸ் டூ மாணவி, சித்தூர்: டீச்சர், சோடியம் குளோரைடில் அடர் கந்தக அமிலம் விட்டால் வெள்ளைப் புகைதான் வருகிறது. அயோடைடில் மட்டும் ஊதா நிறம், அழுகின முட்டை நாற்றம். ஏன்?

நன்றாகக் கவனித்திருக்கிறாய் கண்ணு. எல்லா உப்பிலும் முதலில் ஹைட்ரஜன் ஹாலைடுதான் (ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் புரோமைடு போன்ற வாயு) கிளம்புகிறது. குளோரைடில் அதோடு சரி, அந்த வாயு ஈரக்காற்று பட்டுப் புகைகிறது. புரோமைடு அயனியிடமிருந்து அமிலம் எலக்ட்ரானைப் பறித்துவிடும். அதனால் செம்பழுப்புப் புரோமினும் சல்ஃபர் டை ஆக்சைடும் வரும். அயோடைடு அயனி இன்னும் பெரியது. வெளி எலக்ட்ரான்கள் கருவை விட்டுத் தள்ளி இருப்பதால் பிடி தளர்ந்து, எளிதில் கொடுத்துவிடும். அது அமிலத்தில் +6 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும் கந்தகத்தை −2 வரை இறக்கிவிடும் (எலக்ட்ரான் வாங்க வாங்க இந்த எண் இறங்கும்). குழாயை உற்றுப் பார். மேலே ஊதா ஆவி, குளிர்ந்த சுவரில் மினுங்கும் கருஞ்சாம்பல் அயோடின் துகள், கீழே கொஞ்சம் மஞ்சள் கந்தகம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது விஷவாயு, முகர்ந்து பார்க்கவே கூடாது. சுத்தமான ஹைட்ரஜன் அயோடைடு வேண்டுமென்றால் கந்தக அமிலத்தை விட்டுவிட்டு பாஸ்பாரிக் அமிலம் எடு.

கல்லூரி மாணவர், வேலந்தாவளம்: எந்த உப்பு என்று கண்டுபிடிக்க அதன் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டால், அடியில் படியும் வீழ்படிவு வெள்ளையா, வெளிர்மஞ்சளா என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை.

கண்ணை நம்ப வேண்டாம் தம்பி, அம்மோனியாவை நம்புங்கள். நீர்த்த அம்மோனியாவில் கரைந்தால் குளோரைடு. அடர் அம்மோனியாவில்தான் கரைந்தால் புரோமைடு. இரண்டிலும் கரையாமல் மஞ்சளாகவே நின்றால் அயோடைடு. சில்வர் நைட்ரேட்டுக்கு முன்னால் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கார்பனேட்டும் வெள்ளையாக வந்து ஏமாற்றும். ஃபுளோரைடில் வீழ்படிவே வராது, சில்வர் ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்துவிடும்.

இல்லத்தரசி, கோவிந்தாபுரம்: மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறதே?

சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால்தான் கசியும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுத்துவிடும். மூடியை இறுக்கி வையுங்கள் அக்கா, அது போதும்.

தென்னை விவசாயி, வடகரப்பதி: போர் தண்ணீரைப் பரிசோதித்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது அண்ணா. தண்ணீர் ஆவியாகிப் போகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். சுண்டச் சுண்ட அளவு கூடும். கேண்டில் ஃபில்டரிலும் அது நிற்காது.

இது பாறையிலிருந்து வருவது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாகப் படிய வைக்கும், அது தண்ணீரில் லேசில் கரையாது. சோடியம் மிகுந்து கால்சியம் குறைந்த தண்ணீரில் அந்தத் தடை இல்லை. சோடியம் ஃபுளோரைடு 100 மில்லி தண்ணீரில் 4 கிராம் அளவுக்குக் கரையும் உப்பு. அதனால் ஃபுளோரைடு தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அளவு, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது. வகுப்பில் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் விழும் கறை அது, தேய்த்தால் போகாது. வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பிலும் ஏறும்.

போர் தண்ணீர் துவைக்க, குளிக்க இருக்கட்டும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைநீரோ எடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் ஆர்.ஓ. அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி வையுங்கள். வைத்த பிறகு வடித்த தண்ணீரையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். வீட்டில் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.