மகள் சிஸ்டராகப் போகிறாளாம்

கேள்வி: அன்னை தெரேசா சபையில் சேர்ந்து, வெளிநாட்டில் அநாதைப் பிள்ளைகளைப் பார்க்கப் போவதாக மகள் சொல்கிறாள். கொழுந்து பறித்துப் படிக்கவைத்தேன். மாதாமாதம் ஏதாவது அனுப்புவாளா?
– ஒரு தாய், பொகவந்தலாவ

பதில்: ஒரு சதமும் வராது, அக்கா. மற்றச் சபைகளில் உள்ள ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகள்), பரம ஏழைகளுக்கு இலவசமாக ஊழியம் செய்வேன் என்று நான்காவதும் அங்கே உண்டு. சொத்தென்றால் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலைகள்தான். எந்த நாடு என்பதும் சபையின் முடிவு. 1965இல் இந்தியாவுக்கு வெளியே முதல் இல்லம் திறந்தது எங்கோ வெனிசுவேலாவில்! 1928இல் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்னை தெரேசா, பெற்ற தாயைப் பிறகு பார்க்கவேயில்லை. (பயமுறுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.) ஆனால் இறுதி வார்த்தைப்பாட்டுக்குப் பல வருடப் பயிற்சி இருக்கிறது, அதற்குள் மனம் மாறினால் திரும்பிவிடலாம். மகளையும் கூட்டிக்கொண்டு பங்குத் தந்தையிடம் போங்கள். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள்.