அப்பத்தா சொன்ன சோப்பு டப்பா

கேள்வி: காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். பகலில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர். ராத்திரியில் எனக்கென்று போஸ்டர்கள் செய்கிறேன். கடைச் சரக்கு, விளம்பரம், காமிக்ஸ் இவற்றையே கலையாக்கும் பாப் ஆர்ட் பிடிக்கும், எங்கள் ஊர்ச் சாமிகளும் பிடிக்கும். அய்யனார் கோயில் மண்குதிரையை ஒன்பது கட்டங்களில், கட்டத்துக்கு ஒரு நிறமாக வைத்து ஒரு போஸ்டர் செய்தேன். நண்பர்கள் கொண்டாடினார்கள். அப்பத்தா மட்டும், "சாமி குதிரையை ஏன் ஆத்தா சோப்பு டப்பா மாதிரி அடுக்கி வச்சிருக்க?" என்று கேட்டார். அதிலிருந்து கை ஓடவில்லை. இரண்டையும் சேர்ப்பதே தப்பா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

சேர்ப்பது தப்பே இல்லை. ஆனால் அப்பத்தா சொன்னதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு சரியான விமர்சனம் உங்களுக்கு வேறு யாரிடமிருந்தும் வந்திருக்காது. அமெரிக்க பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் 1964-ல் நியூயார்க்கில் அதைத்தான் செய்தார். பாத்திரம் தேய்க்கும் 'பிரில்லோ' சோப்பு நார் வரும் அட்டைப்பெட்டியைப் போலவே மரப்பெட்டிகள் செய்து, மேலே எழுத்தை அச்சடித்து, கடைக் கிடங்கு மாதிரி அடுக்கிவைத்தார்.

அந்தப் பெட்டிக்கு அது பொருந்தியது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கிடந்த பொருள்தானே அது. மண்குதிரை அப்படி இல்லை. ஒரு நேர்த்திக்கடனுக்காக வேளார் கையால் வனைந்து, சுட்டு, வண்ணம் பூசுவது. கண் திறந்த பிறகுதான் அது சாமி குதிரை. புரவி எடுப்பு அன்று ஊரே சுமந்துபோய் அய்யனாரிடம் விட்டுவிட்டு வருகிறது. அப்புறம் வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றை நீங்கள் ஒன்பதாக்கிவிட்டீர்கள். அப்பத்தாவை உறுத்தியது நிறம் என்று நான் நினைக்கவில்லை, அந்த எண்ணிக்கைதான்.

சரி, செட்டிநாட்டில் அடுக்கத் தகுந்தது எது? உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மஞ்சப்பையை எடுத்துப் பாருங்கள். மணமக்கள் பெயர், ஊர், தேதி, ஒரு பிள்ளையார். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்தது. வார்ஹால் 1962-ல் கைக்கொண்ட முறையும் அதுதான். நம் ஊரில் அதற்குக் கலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

அடுத்து, ஆத்தங்குடிக்கு ஒரு நாள் போய், அங்கே தரைக்குப் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்வதை உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் கலர் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கும்போது ஒரு நிறம் பக்கத்து நிறத்துக்குள் மயிரிழை கசியும். அதன்மேல் சிமெண்ட் கலவையைப் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால், கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். அச்சு ஒன்றுதான். ஆனால் எந்தச் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையின் தரையையும் குனிந்து உற்றுப் பாருங்கள், ஒரு பூ போல இன்னொரு பூ இருக்காது. வார்ஹாலின் 32 சூப் டப்பா ஓவியங்களும் அச்சடித்தது போலத்தான் தெரியும். பெரும்பாலும் கையால் வரைந்தவை. நீங்கள் தேடுகிற சேர்மானம் இந்த இடத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். கம்ப்யூட்டரில் காப்பி, பேஸ்ட் செய்தால் அந்தக் கசிவு வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு அமெரிக்க பாப் ஓவியர் லிச்டென்ஸ்டைனின் புள்ளிகளையும் நம் கோலப்புள்ளிகளையும் ஒட்டவைக்கும் ஆசை வரும். எனக்கும் வந்திருக்கிறது. அவருடைய புள்ளி, மலிவான காமிக்ஸ் அச்சில் நிறம் காட்டப் போட்ட புள்ளி. நம்முடையது கோலக் கோட்டுக்கு வழிகாட்டுவது. இரண்டும் வட்டம் என்பதைத் தவிர உறவு ஒன்றும் இல்லை.

ஜப்பானிய டிசைனர் டாடனோரி யோகோ 1960-களில் போட்ட போஸ்டர்களைத் தேடிப் பாருங்கள். அவரை வளர்த்தவர்கள் கிமோனோத் துணி வியாபாரிகள். பழைய மரஅச்சுப் படங்களின் அலையும் உதயசூரியக் கதிரும் அவருடைய பாப் போஸ்டருக்குள் விருந்தாளி மாதிரி நிற்காது, வீட்டு ஆள் மாதிரி இருக்கும்.

குதிரையை விட்டுவிடவும் வேண்டாம். முதலில் அதைச் செய்த வேளாரைப் போய்ப் பாருங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் போஸ்டரில் அவர் பெயரும் இருக்கட்டும், விற்றால் அவருக்குப் பங்கும் போகட்டும். என் மனசில் ஒரு படம் ஓடுகிறது: எட்டுக் கட்டங்களில் கண் திறக்காத வெறும் மண்குதிரை, ஒரே செம்மண் நிறம். ஒன்பதாவதில் மட்டும் வண்ணமும் கண்ணும். அதை ஸ்கிரீனிலேயே அடியுங்கள், கண்ணை மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் உங்கள் கையால் வையுங்கள்.

முதல் பிரதியை அப்பத்தாவிடம் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.