மைனஸ் 30-ல் மொபைல் ஹோம்: குழாய் ஏன் உறைகிறது, எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: மின்னசோட்டாவில் டுலூத் பக்கம், 1989-ல் கட்டிய டபுள்-வைட் மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் இரண்டு பாதிகளாகக் கட்டி, கொண்டுவந்து சேர்த்த வீடு) ஒன்றை வாங்கிக் குடியிருக்கிறோம். போன குளிர்காலத்தில் சமையலறைக் குழாய் இரண்டு தடவை உறைந்துவிட்டது. புரொப்பேன் எரிவாயுச் செலவு கட்டுப்படியாகாததால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைக் குறைத்து வைத்துவிட்டு, ஹாலில் எலக்ட்ரிக் ஹீட்டர் போட்டுச் சமாளிக்கிறோம். ஜனவரியில் முன்கதவு சாத்த வராது. மே மாதம் தானாகவே சரியாகிவிடும். படுக்கையறை அலமாரியின் மூலையில் ஓதம் ஏறிக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. எல்லா ஜன்னல்களையும் மாற்றினால் தீர்ந்துவிடும் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: ஜன்னலுக்கு இப்போது பணம் போடாதீர்கள். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்கு அடியில் ஆரம்பிப்பவை. புது ஜன்னல் போட்டாலும் குழாய் உறையும், கதவும் இறுகும்.

உங்கள் வீட்டுக்கு அஸ்திவாரச் சுவர் கிடையாது. நீளவாக்கில் ஓடும் இரும்பு உத்தரங்கள், அவற்றின் மேல் மரச்சட்டங்கள், அதற்கு மேல் தரைப்பலகை. சட்டங்களுக்கு இடையே சூடான காற்று போகும் டக்ட், தண்ணீர்க் குழாய்கள், ஃபைபர்கிளாஸ் பஞ்சு மூன்றும் சேர்ந்து இருக்கும். இவற்றைக் கீழே விழாமல் தாங்குவது ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு. இந்தப் பகுதியைத்தான் இங்கே பெல்லி என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருப்பதே ஃபர்னஸ் டக்ட் பக்கத்தில் இருப்பதால்தான். ஃபர்னஸ் ஓடும்போது டக்டிலிருந்து கசியும் வெப்பம் பெல்லியைக் கதகதப்பாக வைத்திருக்கும். நீங்கள் ஃபர்னஸைக் குறைத்து ஹாலில் ஹீட்டர் வைத்தபோது அறை சூடாகத்தான் இருந்திருக்கும். தெர்மோஸ்டாட்டும் போதும் என்று நினைத்து ஃபர்னஸை நிறுத்தியே வைத்திருக்கும். அடியில் பெல்லி மணிக்கணக்கில் சூடே இல்லாமல் கிடந்திருக்கும். மரம் எரிக்கும் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். ஆகவே, கடும் குளிர் ராத்திரிகளில் எலக்ட்ரிக் ஹீட்டரை அணைத்துவிட்டு ஃபர்னஸை ஓடவிடுங்கள். புரொப்பேனை மிச்சப்படுத்த வேறு வழிகள் இருக்கின்றன. அவை எல்லாமே பெல்லியில் இருக்கின்றன.

செப்டம்பரில், மழையில்லாத ஒரு நாளில் ஸ்கர்ட்டிங்கில் (வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் பலகைகள்) ஒரு பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். முகக்கவசம், கையுறை, தலையில் மாட்டும் விளக்கு கட்டாயம். தரையில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ மின்கம்பி தோலுரிந்து தொங்கினாலோ உள்ளே போகாமல் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

ஃபர்னஸ் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, முதலில் கிராஸ்ஓவர் டக்டைத் தேடுங்கள். டபுள்-வைடில் ஃபர்னஸ் ஒரு பாதியில்தான் இருக்கும். மறு பாதிக்குச் சூடான காற்றைக் கொண்டுபோவது அடியில் தொங்கும் ஒரு தடித்த வளையும் குழாய். அது தரையில் கிடந்து நைந்துபோயிருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும், ஒரு முனை கழன்றே போயிருக்கும். நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று அங்கே மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். இரு முனைகளையும் கையால் தடவிப் பாருங்கள். காற்று அடித்தால் தெரிந்துவிடும். உலோகக் கழுத்தில் சரியாகச் செருகி, பட்டை போட்டு இறுக்கி, இணைப்பில் டக்ட் மாஸ்டிக் என்ற அடைப்புப் பசையைப் பூசுங்கள். துணி போன்ற சாம்பல் நிற டக்ட் டேப் ஒரு குளிர்காலத்துக்குக்கூடத் தாங்காது. குழாய் தரையைத் தொடாதபடி தூக்கிக் கட்டுங்கள்.

அடுத்து கறுப்பு விரிப்பு. தொந்தி போட்டதுபோல ஓரிடம் தொங்கினால் அதற்குள் பெரும்பாலும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். நேர் கீழே படுத்துக்கொண்டு கிழிக்காதீர்கள். பக்கவாட்டில் இருந்து வாளி வைத்துச் சிறிதாகக் கீறி வடியவிடுங்கள். ஊறிப்போன பஞ்சை வெளியே எடுத்துவிட வேண்டியதுதான். கசிவை அடைத்து, மரம் நன்றாகக் காய்ந்த பிறகே புதுப் பஞ்சு வையுங்கள். தரைப்பலகை பார்ட்டிகிள் போர்டாக (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) இருந்து ஊதிப்போயிருந்தால் அந்தத் துண்டை அறுத்தெடுத்துவிட்டுப் பிளைவுட் போடுங்கள்; ஊதின பலகை காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது.

பஞ்சு வைக்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பஞ்சு குழாய்க்குக் கீழே வர வேண்டும். ரிப்பேருக்கு வருகிறவர்கள் குழாயைச் சரிசெய்துவிட்டு, கிடைத்த பஞ்சைக் குழாய்க்கும் தரைக்கும் நடுவில் திணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் வீட்டுச் சூடு குழாய்க்கு வராது, வெளிக்குளிர் மட்டும் வரும். நான் பார்த்த வீடுகளில் இரண்டாவது முறையும் அதே இடத்தில் உறைந்த குழாய்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கள் சமையலறைக்கு நேர் கீழே முதலில் இதைப் பாருங்கள்.

கிழிசலை மூட பெல்லி விரிப்பும் அதற்கென்றே அகலமான டேப்பும் கடையில் கிடைக்கும். தூசியிலும் குளிரிலும் டேப் ஒட்டாது. அதனால்தான் செப்டம்பர் என்றேன். துடைத்து, காயவைத்து ஒட்டுங்கள். பெரிய ஓட்டை என்றால் டேப்பை மட்டும் நம்பாமல், மரப்பட்டி வைத்துச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்குங்கள்.

அங்கே இருக்கும்போதே குழாயின் நிறத்தையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பி.பி.2110 என்று அச்சடித்திருந்தால் அது பாலிபியூட்டிலீன் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். 1978 முதல் 1995 வரை ஏராளமான வீடுகளில் போட்டார்கள். இணைப்புகளில் திடீரென்று விட்டுவிடும் குழாய் அது. எப்படியும் பெல்லியைத் திறக்கிறீர்கள் என்பதால், அந்தப் பகுதியையாவது பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுவது நல்லது. பெக்ஸ் உள்ளே உறைந்தாலும் ஓரளவு விரிந்து கொடுக்கும்.

இனி ஹீட் டேப், அதாவது குழாயின் மேல் சுற்றும் மின்சாரச் சூட்டுக் கம்பி. மண்ணிலிருந்து மேலே ஏறி வீட்டுக்குள் நுழையும் குழாய்தான் பெல்லிக்கு வெளியே நிற்கும் ஒரே பகுதி. அதைக் காப்பது இந்த ஹீட் டேப்தான். இது செருகியிருக்கும் அடித்தளப் பிளக் பாயின்ட் ஈரம் பட்டால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் வகை. நவம்பரில் ஒரு நாள் துண்டித்திருக்கும், யாருக்கும் தெரியாது, ஜனவரியில் குழாய் உறையும். ஆகவே குளிர் தொடங்கும் முன் அதன் பட்டனை அழுத்திச் சோதித்துவிடுங்கள். டேப்பின் தெர்மோஸ்டாட் நுனியைப் பனிக்கட்டிப் பை ஒன்றால் சிறிது நேரம் மூடிவைத்து, டேப் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

ஹீட் டேப்பால் வீடே எரிந்துபோன சம்பவங்கள் உண்டு என்பதால் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மூன்று முனை பிளக் உள்ளதாகவும், யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை உள்ளதாகவும், மொபைல் ஹோமுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறக் கூடாது. மேலே எதைச் சுற்றலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறாரோ அதை மட்டும் சுற்றுங்கள். உறை வெடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் தூக்கிப்போடுங்கள்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். வட மின்னசோட்டாவில் கட்டட விதிப்படி அஸ்திவாரம் 60 அங்குல ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். மண் அவ்வளவு ஆழம் வரை உறையும் என்பதே காரணம். பழைய மொபைல் ஹோம்களின் தூண்கள் பலவும் மண்ணின் மேலேயே வைத்த பலகையிலோ சிமென்ட் தட்டிலோதான் நிற்கின்றன. ஈரமான மண் உறைந்து உப்பும்போது தூணையும் தூக்கிவிடும். எல்லாத் தூணையும் ஒரே அளவில் தூக்காது. வீடு லேசாக முறுக்கிக்கொள்ளும், கதவுச் சட்டம் கோணும். வசந்தத்தில் மண் இளகியதும் கீழே இறங்கும்.

இதற்காக ஜனவரியில் ஜாக்கி வைத்து மட்டம் பார்க்காதீர்கள். அப்போது சரிசெய்த வீடு ஜூனில் வேறு பக்கம் கோணும். கதவை இழைத்தும் விடாதீர்கள். மண் முழுதும் இளகி இறங்கிய பிறகு, தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்து உத்தரத்தின் ஒவ்வொரு தூணருகிலும் மட்டம் பாருங்கள். நம்மூர்க் கொத்தனார் பார்ப்பது போலவேதான். இவ்வளவு நீளத்துக்கு ரசமட்டக் கட்டையைவிட இது துல்லியம். ஆனால் வீட்டைத் தூக்கும் வேலையை உரிமம் உள்ள இன்ஸ்டாலரிடம் விட்டுவிடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் உத்தரத்துக்குக் கீழே உடம்பில் எந்தப் பாகத்தையும் நுழைக்காதீர்கள், ஒரு நிமிடம்கூட.

நீங்களே செய்யக்கூடியது, அந்த மண்ணுக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது. ஈரமில்லாத மண் உப்பாது. கூரைத் தண்ணீரை விடும் குழாயை வீட்டைவிட்டுத் தள்ளி நீட்டுங்கள். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் வீதம் வெளிப்புறமாகச் சரிவு இருக்க வேண்டும். இது அமெரிக்க அரசின் நிறுவல் விதியிலேயே உள்ள அளவு. உள்ளே மண்ணின் மேல் 6 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள பாலித்தீன் தாளைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்துவிடுங்கள். துணி உலர்த்தும் டிரையரின் குழாய் வீட்டுக்கு அடியிலேயே திறந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கர்ட்டிங்கைத் தாண்டி வெளியே போக வேண்டும்.

ஸ்கர்ட்டிங்கில் காற்றுத் துளைகளை மொத்தமாக அடைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சில ஃபர்னஸ்கள் எரிவதற்கான காற்றையே வீட்டுக்கு அடியிலிருந்துதான் இழுக்கின்றன. உங்களுடையது எது என்று டெக்னீஷியனிடம் கேட்காமல் அடைக்காதீர்கள். ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னாலே ஃபோம் பலகை வைத்து இன்சுலேட் செய்யலாம். நல்ல பலன் உண்டு. ஆனால் பலகையை மண்ணோடு இறுக்கிப் பொருத்தினால் மண் உப்பும்போது ஸ்கர்ட்டிங் நெளியும். மேல்கீழ் அசைய இடம் விடுங்கள்.

அலமாரிப் பூஞ்சணம் வெளியிலிருந்து ஒழுகியதால் வந்ததாகத் தெரியவில்லை. சுவர் ஒல்லி, மூலை சில்லிட்டிருக்கும், அலமாரிக் கதவு மூடியே இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் நீராவி அங்கே போய்ப் படிகிறது. நம் சமையலில் ஆவி அதிகம்: சோறு, இட்லி, சாம்பார், ரசம். அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே போய், சுவரிலோ கூரையிலோ உள்ள மூடி திறக்கிறதா என்று பாருங்கள். பல ஃபேன்கள் காற்றை வடிகட்டி மறுபடி சமையலறைக்கே விடுபவை. அப்படியென்றால் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றைப் பொருத்துங்கள். ஜன்னலுக்கான தொகையில் இது ஒரு துளி. குளியலறை ஃபேன் கூரைக்குள்ளேயே முடிந்துவிடவில்லையா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஈரத்துணியை வீட்டுக்குள் கொடிகட்டிக் காயவைக்காதீர்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்று வாங்கி, கடும் குளிரில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரிப் பொருட்களைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, கதவைத் திறந்தே வையுங்கள்.

கூரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1976 ஜூன் 15-க்குப் பிறகு தயாரான எல்லா மேனுஃபேக்சர்ட் ஹோம்களுக்கும் (மொபைல் ஹோமின் அதிகாரப்பூர்வப் பெயர்) அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட்டின் தரவிதி பொருந்தும். சமையலறை அலமாரிக்குள்ளோ மின்பெட்டி அருகிலோ படுக்கையறை அலமாரியிலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தக் குளிர் மண்டலத்துக்கு, எவ்வளவு பனிப் பாரத்துக்குக் கட்டியது என்று அதில் இருக்கும். மண்டலத்தைப் பொறுத்துக் கூரைப் பாரம் சதுர அடிக்கு 20, 30 அல்லது 40 பவுண்டு. தெற்கே வெப்பமான மாநிலத்துக்காகக் கட்டி, பிறகு வடக்கே இழுத்து வந்த வீடுகளும் உண்டு. உங்களுடையது அப்படியா என்பது இதில் தெரிந்துவிடும். ஒரு அங்குலப் பனிக்கட்டியே சதுர அடிக்குச் சுமார் 5 பவுண்டு. கூரை மேல் ஏறாமல், தரையில் நின்றபடி நீளக் கைப்பிடி ரேக்கால் பனியை இழுத்துத் தள்ளுங்கள். ஃபர்னஸின் புகைக்குழாய் வாயைப் பனி மூடவிடாதீர்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன் போய் ஒன்று வாங்கி வாருங்கள். ஃபர்னஸை மாற்ற நேர்ந்தால் மேனுஃபேக்சர்ட் ஹோமுக்கென்று முத்திரை உள்ளதை மட்டுமே வாங்குங்கள்; சாதாரண வீட்டு ஃபர்னஸ் இங்கே ஆபத்து.

ஜன்னலுக்கு இந்த வருடம் உள்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் படலம் போதும். படுக்கையறையில் தீ விபத்தின்போது வெளியேறக்கூடிய ஜன்னலை மட்டும் நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள். வருமானம் குறைவாக இருந்தால், மத்திய அரசின் வெதரைசேஷன் (வீட்டைக் குளிர் தாங்கச் செய்யும்) உதவித் திட்டத்தில் மொபைல் ஹோம்களுக்கும் இடமுண்டு. பெல்லிக்குப் பஞ்சு நிரப்புவது, டக்ட் அடைப்பது போன்ற வேலைகளை அவர்களே செய்து தருவார்கள். விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்குள் மறுபடி குழாய் உறைந்தால்: முதலில் மெயின் வால்வு எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, திறப்பு முனையிலிருந்து தொடங்கி உள்நோக்கி ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். நெருப்பு வேண்டாம், பெல்லி விரிப்பு சட்டென்று பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போய்ச் சொட்டுகிறதா என்று பாருங்கள். வெடித்த குழாய் உறைந்திருக்கும்வரை ஒழுகாது. மின்சாரம் போய், ஃபர்னஸும் நின்று, சீக்கிரம் வராது என்று தெரிந்தால் மெயினை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, சிங்க், குளியல் தொட்டி வடிகால்களில் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகளுக்கு விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸைக் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். கார் ரேடியேட்டருக்கான பச்சை நிறத் திரவத்தை ஊற்றாதீர்கள், அது விஷம்.